தங்கம் விலைக் கட்டத்துக்குக் கீழே நாலு வரி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை செல்வபுரத்தில் 34 வருடமாக நகைப் பட்டறை வைத்திருக்கிறேன். கடைகளுக்குக் கூலிக்கு நகை செய்து கொடுப்பவன். காலையில் உங்கள் நாளிதழை விரித்ததும் என் கண் முதலில் போவது தங்கம் விலைக் கட்டத்துக்குத்தான். இந்தக் கடிதமும் அந்தக் கட்டத்தைப் பற்றித்தான்.

2025 தீபாவளிக்கு முந்தைய பத்து நாளும் பட்டறையில் நாங்கள் ஆறு பேரும் ராத்திரி ஒரு மணிக்கு முன்னால் பலகையை விட்டு எழுந்ததில்லை. சவரன் 90,000 ரூபாயைத் தாண்டிய பிறகும் ஆர்டர் நிற்கவில்லை, எடைதான் குறைந்தது. அரை கிராம் காசு, ஒரு கிராம் தோடு, காற்றில் பறக்கிற மாதிரி ஒரு செயின். ராஜ வீதிக்குப் பொருள் கொடுக்கப் போனால் கடை வாசலில் நிற்கிற அத்தனை பேர் கையிலும் போன், போனில் காலை விலை, மத்தியான விலை. உங்கள் தாளிலும் அந்த நாட்களில் இரண்டு மூன்று முழுப்பக்க விளம்பரத்தைத் தள்ளிய பிறகுதான் செய்தியின் முதல் பக்கம் கிடைத்தது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அந்த விளம்பரம்தான் எனக்கும் வேலை கொண்டு வருகிறது.

2025 அக்டோபர் 20 தீபாவளி. 26-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை, ஆப்பிரிக்காவில் சூடான் நாட்டின் டார்ஃபூர் பகுதியில் எல் ஃபாஷர் என்ற நகரம் விழுந்தது. 500 நாளுக்கு மேல் முற்றுகையில் கிடந்த ஊர். அங்கே மகப்பேறு மருத்துவமனையில் மட்டும் நோயாளிகளும் துணைக்கு இருந்தவர்களுமாக 460 பேருக்கு மேல் கொல்லப்பட்டதாகத் தகவல் என்று உலக சுகாதார நிறுவனம் சொன்னது. அந்த வாரத் தாள்கள் எல்லாவற்றையும் மறுபடி எடுத்துப் பார்த்தேன். உள்பக்கத்தில் ஒரே ஒரு முறை, என் உள்ளங்கை அகலத்துக்கு வந்திருந்தது. முதல் பக்கத்தில் தீபாவளிக்குப் பிறகு தங்கம் விலை இறங்கிய செய்தி தினமும் இருந்தது.

எல் ஃபாஷரைப் பற்றி எனக்குச் சொன்னது என் மகளின் கொழுந்தன். சூடான் தலைநகர் கார்ட்டூமில் ஒரு மாவு மில்லில் நாலு வருடம் மெக்கானிக்காக இருந்த பையன். 2023 ஏப்ரல் 15, சனிக்கிழமை காலையில் அங்கே ராணுவத்துக்கும் ஒரு துணை ராணுவப் படைக்கும் சண்டை வெடித்தது. அடுத்த வாரக் கடைசியில் அட்சய திருதியை. அவன் கரண்ட் இல்லாத ஒரு அறையில், கட்டிலுக்கு அடியில், பாதி பாட்டில் தண்ணீரோடு கிடந்தான். இங்கே நான் திருதியை ஆர்டருக்குத் தாலிக் குண்டைப் பற்றவைக்கப் பொடி வைத்து ஊதுகுழலால் ஊதிக்கொண்டிருந்தேன். போனில் மகள் அழுகிறாள். ஊதுவதை நிறுத்தினால் பொடி ஆறிவிடும், குண்டு திறந்துகொள்ளும். நிறுத்தாமல் ஊதிக்கொண்டே கேட்டேன். அந்த ராத்திரியை நினைத்தால் இன்றும் வயிறு பிசைகிறது.

பிறகு நம்மவர்களை மீட்க நம் அரசின் 'ஆபரேஷன் காவேரி' வந்தது. போர்ட் சூடான் வரை பஸ், அங்கிருந்து ஜெட்டாவுக்குக் கப்பல், அப்புறம் விமானம். 3,800 பேருக்கு மேல் இந்தியர்கள் அப்படி ஊர் திரும்பினார்கள். அந்த இரண்டு வாரமும் உங்கள் தாளில் சூடான் முதல் பக்கத்தில் இருந்தது. அந்தச் செய்திகளைச் சம்பந்தி வீட்டில் வெட்டி ஒட்டி வைத்திருக்கிறார்கள். அதற்கு எங்கள் நன்றி என்றைக்கும் உண்டு. ஆனால் நம்மவர்கள் திரும்பியதும் அந்த நாட்டுச் செய்தியும் நின்றுபோனது. சண்டை நிற்கவில்லை. 1.2 கோடிக்கு மேற்பட்டவர்கள் வீடு வாசலை விட்டு ஓடியிருக்கிறார்கள். எல் ஃபாஷர் பக்கத்து ஸம்ஸம் அகதி முகாமில் பஞ்சம் என்று 2024 ஆகஸ்டிலேயே உறுதியாகிவிட்டது.

நகரம் விழுந்த மறுநாள் பையன் போன் செய்தான். "மாமா, அங்க சனங்க இத்தனை நாளா என்ன தின்னுட்டு இருந்தாங்க தெரியுங்களா? அம்பாஸ்ங்க. நம்ம மாட்டுக்கு ஊற வைக்கிற கடலைப் புண்ணாக்கு." எண்ணெய் ஆட்டிய பிறகு மிஞ்சுகிற சக்கை. அதுவும் தீர்ந்துபோனதாம். எங்கள் வீட்டில் எருமை வைத்திருந்த காலத்தில் முதல் நாள் ராத்திரியே வாளியில் புண்ணாக்கை ஊறப் போடுவது என் வேலை. விடிந்தால் வாசல் வரைக்கும் அந்தப் புளித்த வாடை வரும். போனை வைத்த பிறகு அந்த வாடைதான் ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

இரக்கப்பட்டு மட்டும் எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தச் சண்டைக்கும் என் தொழிலுக்கும் சம்பந்தம் உண்டு. 2011-ல் தெற்கு சூடான் பிரிந்தபோது எண்ணெய் வளத்தில் முக்கால் பங்கு அதோடு போய்விட்டது. மிச்ச நாட்டுக்குத் தங்கமே பிழைப்பானது. 2012-ல் டார்ஃபூரில் ஜெபல் அமீர் மலைப் பக்கம் தங்கம் கண்டுபிடித்தார்கள். 2017-ல் அந்தச் சுரங்கங்கள் ஹெமெட்டி என்று அழைக்கப்படும் முகமது ஹம்தான் டகலோவின் கைக்குப் போயின. அவருடைய ஆர்.எஸ்.எஃப். என்ற துணை ராணுவப் படைதான் எல் ஃபாஷரைப் பிடித்தது. எதிரே நிற்கிற ராணுவத்துக்கும் தன் வசமுள்ள பகுதிகளின் தங்கம்தான் பணம். இந்தத் தங்கத்தில் பெரும்பகுதி போய்ச் சேரும் இடம் துபாய் சந்தை. துபாய் இருக்கிற ஐக்கிய அரபு அமீரகம் ஆர்.எஸ்.எஃப்.புக்கு ஆயுதம் கொடுக்கிறது என்று குற்றச்சாட்டு உண்டு, அந்த அரசு மறுக்கிறது. அதை விசாரிக்கும் அறிவு எனக்கில்லை. எனக்குத் தெரிந்தது இதுதான்: நம் நாடு வருடத்துக்குச் சுமார் 700 டன் தங்கம் இறக்குமதி செய்கிறது. அதிகம் வருவது சுவிட்சர்லாந்திலிருந்து, அதற்கு அடுத்தபடி அமீரகத்திலிருந்து.

என் பட்டறைக்கு வருகிற கட்டியில் டார்ஃபூர் தங்கம் கலந்திருக்கிறது என்று நான் சொல்ல மாட்டேன். இல்லை என்று சத்தியம் செய்யவும் என்னால் முடியாது. பாட்டியின் வளையல், அடகில் மூழ்கின சங்கிலி, சுரங்கத்துப் பொடி, எதைப் போட்டாலும் உருக்குகிற மூசைக்குள் ஒரே குழம்புதான். உரைகல்லில் தேய்த்தால் மாற்றுத் தெரியும், ஊர் தெரியாது. 2023 ஏப்ரல் 1 முதல் ஒவ்வொரு ஹால்மார்க் நகையிலும் எச்.யு.ஐ.டி. என்ற ஆறு எழுத்துத் தனி அடையாள எண் இருக்க வேண்டும் என்று ஆகிவிட்டது. போனில் அந்த எண்ணைத் தட்டினால் எந்தக் கடை, எந்த மையத்தில் சோதித்தார்கள், எத்தனை காரட் என்று சொல்லும். மண்ணை யார் தோண்டினார்கள் என்பதற்கு அதில் இடம் இல்லை. பட்டை தீட்டாத வைரத்துக்கு, அது சண்டைக்குக் காசான வைரம் இல்லை என்று சொல்ல, 2003-லிருந்து கிம்பர்லி சான்றிதழ் என்று ஒன்று இருக்கிறது. அதிலும் ஓட்டை உண்டு என்பார்கள். ஆனாலும் வாங்குகிறவர் வாய் திறந்து கேட்பதற்கு ஒரு சீட்டாவது இருக்கிறது. என் தொழிலில் அப்படி ஒரு கேள்வியை 34 வருடத்தில் ஒருவர்கூடக் கேட்டதில்லை.

பெரிய கடை வீதிப் பக்கம் விடியற்காலையில் போனவர்கள் பார்த்திருப்பார்கள். நகைக்கடை, பட்டறை ஓரத்துச் சாக்கடை மண்ணை வாரி, தட்டில் போட்டு அலசி, பாதரசம் விட்டுப் பொட்டுத் தங்கம் எடுக்கும் குடும்பங்கள். பையன் எனக்கு ஒரு சூடான் வீடியோ காட்டினான். வெயிலில் காய்ந்த ஒரு குழிப் பக்கத்தில், என் பேரன் வயதில் ஒரு பிள்ளை, தட்டைச் சாய்த்து ஆட்டுகிறான். அதே ஆட்டல், அதே பாதரசம். வெறும் கைவிரலால் உருட்டுகிறான்.

போர்ச் செய்தியை நம் சனம் படிக்கவே இல்லை என்று நான் சொல்லவில்லை. விலைக்காகப் படிக்கிறோம். 2022-ல் உக்ரைனில் ரஷ்யா புகுந்தபோது சவரன் 40,000-ஐத் தாண்டியது. அன்று கீவ் எங்கே இருக்கிறது என்று எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்தது. காஸாவில் குண்டு விழுந்தபோது ஒரு அம்மா என்னிடம் கேட்டார், "சண்டை நின்னா இறங்குமாங்க?" நானும் அதே கேள்வியை மனசுக்குள் கேட்டிருக்கிறேன். 'போர்ப் பதற்றம்: தங்கம் கிடுகிடு உயர்வு' என்று நீங்கள் போடும் தலைப்பும் அப்படித்தான் எங்களைப் பழக்கியிருக்கிறது. சூடான் போர் விலையை ஏற்றவும் இல்லை, இறக்கவும் இல்லை. தங்கத்தில் ஓடுகிற போர், தங்கம் விலைச் செய்தியில் ஒரு சொல்லாகக்கூட வராமல் போவதற்கு எனக்குத் தெரிந்து அதுதான் காரணம்.

ஒரு காலத்தில் போர் எங்கள் பலகைக்கே வந்திருக்கிறது. சீனப் போர் முடிந்து 1963 ஜனவரியில் மொரார்ஜி தேசாய் தங்கக் கட்டுப்பாடு கொண்டு வந்தார்; 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக் கூடாது. 14 காரட்டில் யார் தாலி செய்வார்கள்? என் அப்பா உலையை அணைத்துவிட்டு வாழைக்காய் மண்டியில் மூட்டை தூக்கினார். பிழைப்புப் போய் உயிரை விட்ட நகைப் பத்தர் குடும்பங்களின் கதையை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கோ எல்லையில் நடந்த சண்டை தன் அடுப்பை எப்படி அணைத்தது என்று அவருக்குப் புரிந்திருந்தது. நாங்கள் செய்கிற நகை எங்கோ ஒரு சண்டைக்குக் காசாகிறதா என்பது எங்களுக்கும் தெரிய வேண்டும்.

யாரையும் தங்கம் வாங்காதீர்கள் என்று சொல்லும்படி நான் கேட்கவில்லை. பெண்ணைக் கட்டிக் கொடுக்கிற வீட்டின் கஷ்டம் எனக்குத் தெரியும், என் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. நான் கேட்பது சின்ன இடம். தினமும் போடுகிற அந்த விலைக் கட்டத்துக்குக் கீழே, வாரத்தில் ஒரு நாள், ஞாயிற்றுக்கிழமையாகவே இருக்கட்டும், நாலு வரி. இந்த மாதம் நம் நாட்டுக்குத் தங்கம் எங்கிருந்து வந்தது, டார்ஃபூரில் என்ன நடக்கிறது, அவ்வளவுதான். தங்கம் விலையைத் தேடி அந்த மூலைக்கு எப்படியும் வரும் கண்கள்தான் அவை. இன்னும் நாலு வரி கீழே இறங்கப் பெரிய சிரமம் இல்லை.

தை முகூர்த்தத்துக்கு இப்போதே பதினொரு தாலிக் கொடிக்கு ஆர்டர் வந்திருக்கிறது. அடுத்த ஞாயிறும் வழக்கம்போல விலை பார்க்கத் தாளை விரிப்பேன். கட்டத்துக்குக் கீழேயும் பார்ப்பேன்.

இப்படிக்கு,
நகைப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்,
செல்வபுரம், கோவை.