"அரை மணி நேரம் போதும்" என்ற அந்த வரி

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான ராமேஸ்வரம் தீவின் ஒருநாள் சுற்றுலாக் கட்டுரையைப் படித்தேன். வேனில் பன்னிரண்டு பேர், கூடவே ஒரு வழிகாட்டி, காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் திரும்புவது என்று எல்லாம் விவரமாக இருந்தது. கடைசிப் பத்தியில் ஒரு வரி: "தனுஷ்கோடி ஒரு பேய் நகரம், பார்க்க ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் போதும்." அதற்கு மேல் படிக்க முடியவில்லை. இரண்டு நாள் கழித்துதான் எழுத உட்கார்ந்தேன்.

என் அம்மா பிறந்த ஊர் அது. தாத்தா அங்கே ரயில்வே ஸ்டேஷனில் போர்ட்டர். எழும்பூரிலிருந்து போட் மெயில் ரயிலில் வந்து இறங்குபவர்களின் பெட்டி படுக்கைகளை, இலங்கையின் தலைமன்னாருக்குப் போகும் கப்பலுக்குச் சுமந்து போவார். போஸ்ட் ஆபீஸ், சுங்க அலுவலகம், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பாம்பனிலிருந்து நள்ளிரவுக்குச் சற்று முன்பு புறப்பட்ட பாசஞ்சர் வண்டியைக் கடல் கொண்டுபோயிற்று. அதில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவரும் பிழைக்கவில்லை. அம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. பாட்டியின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடியும்வரை ஒரு மணல்மேட்டில் கிடந்திருக்கிறார். தாத்தாவுக்கு அன்று ராத்திரி டூட்டி. அவர் உடல் கிடைக்கவே இல்லை.

போன தை மாதம் அம்மாவை அழைத்துக்கொண்டு இப்படியொரு ஒருநாள் டூரில்தான் போனேன். எழுபதைத் தாண்டியவர், பஸ் மாறி மாறி ஏற முடியாது. "தனுஷ்கோடியை ஒரு தடவை பார்த்துவிட்டு வந்துவிடலாம்" என்று அவரே கேட்டார். நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை, எனக்கு அது முக்கியமும் இல்லை. கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தம், பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம் இரண்டும் சரி, போக வேண்டிய இடங்கள். அப்புறம் யாரும் கேட்காமலே ஒரு சங்குக் கடையில் ஒன்றே கால் மணி நேரம் நிறுத்தினார்கள். அங்கே பவளத் துண்டுகளை எடுத்துக் காட்டி விலை சொன்னார்கள். மன்னார் வளைகுடாப் பவளத்தை எடுப்பதும் விற்பதும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். வழிகாட்டி பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்.

தனுஷ்கோடிக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி நாலரை. பொழுது சாய்வதற்குள் வண்டிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்பதால் வழியெல்லாம் அவசரம். வேனில் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ராத்திரியில் இங்கே ரயில் சத்தம் கேட்கும், ஆவிகள் உலாவும் என்றெல்லாம் அந்த வழிகாட்டித் தம்பி சொல்லிக்கொண்டே வந்தார். பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். என் அம்மா ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அந்த ரயில் போன ராத்திரியில் அப்பாவைப் பறிகொடுத்தவர் இரண்டாவது சீட்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? தெரிந்துகொள்ளக் கேட்டால்தானே?

இடிந்த தேவாலயத்தின் பவளக்கல் சுவர்மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அங்கே நிற்கவில்லை. ஸ்டேஷன் இருந்த இடத்தை நோக்கி நடந்தார். வழியில் ஒரு குடிசை ஓரம் மணலில் தோண்டிய ஊற்றில் ஒரு பெண் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். இரண்டு பக்கமும் கடல், நடுவே நல்ல தண்ணீர். அம்மா வாங்கிக் குடித்தார். "எங்க வீட்டு ஊத்துத் தண்ணியும் இப்படித்தான் இருக்கும்" என்றார். அந்தப் பெண் எந்த வீடு என்று கேட்க, பேச்சு ஆரம்பித்தது. அதற்குள் வேன் ஹாரன். "ஏறுங்கம்மா, எல்லாரும் காத்திருக்காங்க." ஸ்டேஷன் இருந்த இடத்தை அம்மா வண்டியில் இருந்தபடியேதான் பார்த்தார்.

அந்தப் பெண்ணின் ஊரைத்தான் உங்கள் கட்டுரை பேய் நகரம் என்கிறது. மனிதர் குடியிருக்கத் தகுதியற்றது என்று அரசு அறிவித்த பிறகும் மீனவக் குடும்பங்கள் அங்கேயே இருக்கின்றன. 2017-இல் தீவின் கடைக்கோடியான அரிச்சல்முனை வரை தார்ச்சாலை வரும்வரை, நோயாளியைக்கூட மணலில்தான் கொண்டுபோக வேண்டியிருந்தது. சாலை வந்தது, வேன்கள் வந்தன, அவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதற்கு மட்டும் யாரும் வரவில்லை. 2025 ஏப்ரலில் புதிய பாம்பன் ரயில் பாலம் திறந்தபோது உங்கள் இதழ் பக்கம் பக்கமாக எழுதியது, மகிழ்ச்சியோடு படித்தேன். அந்தத் தண்டவாளம் ஒரு காலத்தில் தனுஷ்கோடி வரை போனது என்பதற்கு அதில் ஒரு வரி இருக்காதா என்று கடைசிவரை தேடினேன். அதே ஆண்டு ஜூனில் தனுஷ்கோடியில் பூநாரைகளுக்காகவே சரணாலயம் அறிவித்தார்கள். பார்க்க ஒன்றும் இல்லாத இடத்திலா?

இருபது வருடமாக உங்கள் இதழை வாங்குகிறோம். அம்மாவுக்கு இப்போது கண் சரியில்லை, நான்தான் வாசித்துக் காட்டுவேன். அந்தக் கட்டுரையை மட்டும் வாசிக்கவில்லை. இதழ் இன்னும் வரவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

அடுத்த இதழில் இரண்டே வரி போட்டால் போதும். பேய் நகரம் என்பது தவறு, அங்கே மக்கள் வாழ்கிறார்கள் என்று ஒரு வரி. டூரில் போகிறவர்கள் தனுஷ்கோடியைக் காலையில் வைத்துக்கொண்டு, குறைந்தது இரண்டு மணி நேரம் கேட்டு வாங்குங்கள் என்று இன்னொரு வரி. அந்த இதழை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
மதுரை.