புகை எந்தப் பக்கம் வரும்: துப்பாக்கி விற்ற நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

பெறுநர்
குறைதீர் அலுவலர் அவர்கள்,
தலைமை அலுவலகம்.

பொருள்: கணினி விளையாட்டின் ஒலிப்பதிவுக்காக வாங்கிய பிளாங்க் துப்பாக்கி (குண்டில்லாத வெற்றுத் தோட்டாவை மட்டும் வெடிப்பது), கேட்டதற்கு மாறாக அனுப்பப்பட்டமை – முழுத் தொகையும் இழப்பீடும் கோருதல் – தொடர்பாக.

ஐயா / அம்மையீர்,

வணக்கம். மதுரையில் கணினி விளையாட்டுகளுக்கும் குறும்படங்களுக்கும் ஒலி அமைத்துப் பிழைப்பவன் நான். தங்கள் தொலைபேசிச் சேவையிலும் மின்னஞ்சலிலும் கோவைக் கிளையிலும் ஒரே செய்தியைச் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால், "எங்களுக்குத் தகவலே வரவில்லை" என்று இனி எவரும் சொல்ல இடமில்லாதபடி இதனை விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

எனக்கு என்ன வேண்டும் என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தங்கள் விற்பனைப் பிரிவுக்கு எழுதியிருந்தேன். 9 மி.மீ. பி.ஏ.கே. வகை வெற்றுத் தோட்டாவைச் சுடுவதாக இருக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் ஸ்லைடு (துப்பாக்கியின் மேல்பகுதியில் முன்னும் பின்னும் நகரும் உலோக உறை) தானாகப் பின்னுக்குப் போய்த் தோட்டா ஓட்டை வெளியே எறிய வேண்டும்; எல்லாவற்றுக்கும் மேலாக, வெடிவாயு குழலின் முன்வாய் வழியாக வெளியேற வேண்டும். கடைசி வரிக்குக் கீழே கோடும் போட்டிருந்தேன். இந்தத் துப்பாக்கிகளில் இரண்டு வகை உண்டு என்பதை விற்பவர்களாகிய தாங்கள் அறியாமல் இருக்க முடியாது. குழலை முற்றாக அடைத்துவிட்டு, மேலே உள்ள துளை வழியாக வாயுவை விடுவது ஒரு வகை. எதிரில் நிற்பவர் மேல் அனல் படக் கூடாது என்று மேடைக்கு விரும்பி வாங்குவது அதைத்தான். குண்டு போக முடியாதபடி குழலுக்குள் தடுப்பு வைத்து, அதன் இடுக்கு வழியாக வாயுவை மட்டும் முன்னால் விடுவது இன்னொரு வகை. கண்ணுக்கு இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். ஒலிவாங்கிக்கு அப்படி இல்லை. முன்னால் வெடிக்கும் வகையில்தான் ஓசைக்குத் திசையும் கனமும் கிடைக்கும், எனக்கு வேண்டியது அது மட்டுமே.

வந்ததோ மேலே துளை உள்ள துப்பாக்கி. அது 9 மி.மீ.; கூடவே வந்த தோட்டாப் பெட்டியோ 8 மி.மீ. ஒன்றுக்கொன்று பொருந்தாத இந்த இரண்டையும் ஒரே அட்டைப் பெட்டியில் வைத்து, மேலே "சரிபார்க்கப்பட்டது" என்று முத்திரையும் குத்தி அனுப்பியிருந்தீர்கள். இதைத் தெரிவித்தபோது தங்கள் பணியாளர், "ஒரு மில்லிமீட்டர்தானே சார், அட்ஜஸ்ட் ஆகிடும்" என்றார். வெடிமருந்து அடைத்த பொருளில் அட்ஜஸ்ட் செய்துகொள்வதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அதே பணியாளர்தான் (பெயரைக் கேட்டபோது "பேரு எதுக்கு சார்" என்றவர்) அடுத்த அழைப்பில் என்னிடம் சொன்னது இது: "சத்தந்தானே சார் வேணும்? ஒரு லட்சுமி வெடியக் கொளுத்தி ரெக்கார்டு பண்ணிக்கோங்க. உங்களுக்குத்தான் சிவகாசி பக்கத்துலயே இருக்கே." பின்னால் யாரோ சிரித்ததும் என் காதில் விழுந்தது. காதால் தொழில் செய்பவனிடம் இதைச் சொல்லிவிட்டுச் சிரிக்கத் தங்கள் நிறுவனத்தில் பயிற்சி கொடுக்கிறீர்களா என்று அறிய விரும்புகிறேன். பட்டாசு, தாள் சுற்று கிழிந்து நாலாபக்கமும் வெடிப்பது. துப்பாக்கியில் அதிர்வு குழல் வழியாக ஒரு திசையில் பாய்கிறது. அதன் பின்னாலேயே ஸ்லைடு பின்வாங்கி மீளும் உலோக ஓசை, அதற்கும் பின்னால் பித்தளை ஓடு தரையில் விழுந்து உருளும் ஓசை. விளையாடுபவர் விசையை அழுத்தும்போது இத்தனையும் ஒரு நொடிக்குள் அடுக்கடுக்காக வர வேண்டும். இதை அவருக்குப் பொறுமையாகவே விளக்கினேன். பாதியில் இணைப்பைத் துண்டித்துவிட்டார்.

வெடிவாயு எந்தப் பக்கம் வரும் என்ற ஒரே கேள்விக்குத் தங்கள் நிறுவனத்தில் எனக்குக் கிடைத்த விடைகளையும் பதிவு செய்துவிடுகிறேன். ஒருவர் முன்னால் என்றார். இன்னொருவர் மாடலைப் பொறுத்தது என்றார். எந்த மாடலுக்கு எப்படி என்று கேட்டதற்குப் பட்டியலைப் பார்த்துச் சொல்வதாகச் சொன்னவர் திரும்ப அழைக்கவே இல்லை. மற்றொருவர் "புகையே வராது சார், ஸ்மோக்லெஸ்" என்றார். கடைசியாக, தொழில்நுட்பப் பிரிவு என்று சொல்லிக்கொண்ட ஒருவர், மேலே உள்ள துளை அழகுக்குத்தான், வாயு முன்னால்தான் வரும், வேண்டுமானால் சுட்டுப் பாருங்கள் என்று உறுதி கூறி, மாற்றுத் தோட்டாப் பெட்டியையும் அனுப்பிவைத்தார். அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் ஒலிப்பதிவுக்கு ஏற்பாடு செய்தேன்.

மேலூர்ப் பக்கம் கைவிடப்பட்ட ஒரு கல்குவாரியில், நிலத்துக்காரரின் அனுமதி பெற்று, காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமாகத் தெரிவித்து, அவர்கள் சொன்ன நேரத்தில் அவர்கள் சொன்னபடியே நடந்துகொண்டோம். (அரிட்டாபட்டி மலையடிவாரத்தில் எதிரொலி இன்னும் நன்றாக இருக்கும் என்று நண்பர்கள் சொன்னார்கள், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக 2022இல் அறிவிக்கப்பட்ட, வல்லூறுகள் வாழும் இடத்தில் போய் வெடிக்க எனக்கு மனம் வரவில்லை.) ஒலி நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்வதால், எதிர்ப்பாறையிலிருந்து 170 மீட்டர் தள்ளி நின்றால் எதிரொலி சரியாக ஒரு நொடியில் திரும்பும். அந்த இடைவெளியை நாடா பிடித்து அளந்து வைத்திருந்தேன். இத்தகைய துப்பாக்கியின் வாயருகே ஓசை 150 டெசிபலைத் தாண்டும் என்பதால், அங்கே கண்டென்சர் ஒலிவாங்கியைத் தவிர்த்து, தாங்கக்கூடிய டைனமிக் ஒலிவாங்கியைப் பக்கவாட்டில் நிறுத்தினேன். சில மீட்டர் தள்ளி ஒன்று, பாறையை நோக்கி ஒன்று. மிக மெல்லிய ஓசையையும் மிகப் பெரிய ஓசையையும் ஒருசேரப் பதியும் 32 பிட் ஃப்ளோட் கருவியை நாள் வாடகைக்கு எடுத்திருந்தேன். அக்கருவி இருந்தால் எதையும் காப்பாற்றிவிடலாம் என்பார்கள். ஒலிவாங்கிக்குள்ளேயே சிதைந்துபோன ஓசையை எந்தக் கருவியாலும் மீட்க முடியாது என்பதால்தான் இத்தனை முன்னேற்பாடு. உதவியாளரும் நானும் காதடைப்பான் போட்டுக்கொண்டு முதல் தோட்டாவைச் சுட்டோம்.

புகை நேராக மேலே போயிற்று. முன்னால் ஒன்றுமே வரவில்லை. பதிவைப் போட்டுக் கேட்டால், கனமில்லாத ஒரு தட்டல், அதன்மேல் வாயு சீறும் இரைச்சல், அவ்வளவுதான். பாறையிலிருந்து திரும்பி வந்தது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத ஒரு முனகல். நடுவில் தோட்டா ஓடு சிக்கிக்கொண்டு ஸ்லைடு பாதியில் நின்றுவிட்டது. அந்த ஸ்லைடைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கள் விளம்பரத்தில் எஃகு என்று போட்டிருக்கிறீர்கள். வந்தது துத்தநாகக் கலவை வார்ப்பு. வார்ப்பு உலோகம் விலைக்காகப் பயன்படுவது எனக்கும் தெரியும், அதை அப்படியே சொல்லி விற்றிருந்தால் குறை சொல்ல மாட்டேன். எஃகு என்று நம்பி, ஸ்லைடை இழுப்பது, மேகசினைச் செருகுவது, சுத்தியலை ஏற்றுவது என எல்லாவற்றையும் 96 கிலோஹெர்ட்சில் (வேகத்தைக் குறைத்தாலும் நுணுக்கம் கெடாதபடி) தனித்தனியாகப் பதிந்தேன். வேகத்தைக் குறைத்துக் கேட்டபோது எவர்சில்வர் டப்பா மூடியைத் திறந்து மூடுவது போல இருந்தது.

இதற்குப் பிறகும் நான் மரியாதையாகவே தங்கள் கோவைக் கிளைக்கு நேரில் வந்து, சரியான வகையைக் கையில் எடுத்துப் பார்த்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டேன். தாராளமாக வாருங்கள் என்றார்கள். ஆரப்பாளையத்தில் விடியற்காலைப் பேருந்தைப் பிடித்துப் போய் இறங்கினால், துப்பாக்கி கண்ணாடி அலமாரியில் இருந்தது, அலமாரிச் சாவி மேலாளரிடம் இருந்தது, மேலாளர் ஏதோ ஒரு வளைகாப்புக்குத் திருப்பூர் போயிருந்தார். "வெளியிலிருந்தே பாத்துக்கோங்க சார்" என்றார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று துப்பாக்கியின் ஓசையைத் தேர்ந்தெடுக்கும் வித்தை எனக்குக் கைவரவில்லை.

மேலும் ஒன்று. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படியும் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படியும் இப்பொருளுக்கு என்னென்ன தேவை என்பதை எழுத்தில் தருமாறும், இதில் குண்டு செலுத்த இயலாது என்ற உற்பத்தியாளர் சான்றினை இணைக்குமாறும் தொடக்கத்திலேயே கேட்டிருந்தேன். இரண்டுமே வரவில்லை. "பில் இருந்தாப் போதும், இது பொம்மத் துப்பாக்கிதான்" என்றார் – ஆம், லட்சுமி வெடிக்காரரேதான். இரவில் வாகனச் சோதனையில் என் பையிலிருந்து கைத்துப்பாக்கி வடிவில் ஒன்று வெளியே வந்தால், அவரா வந்து பில்லைக் காட்டிப் பேசப் போகிறார்? வெற்றுத் தோட்டா பொம்மையும் அல்ல. 1984இல் ஜான்-எரிக் ஹெக்சம் என்ற அமெரிக்க நடிகர், படப்பிடிப்புத் தளத்தில் வெற்றுத் தோட்டா போட்ட துப்பாக்கியை விளையாட்டாக நெற்றிப்பொட்டில் வைத்துச் சுட்டு உயிரை விட்டார். இதை விற்பவர்களின் வாயிலிருந்து பொம்மை என்ற சொல் வரலாமா?

இதனால் எனக்கு ஏற்பட்ட இழப்பு கணக்கில் அடங்காது. குவாரிக்கும் கருவிக்கும் வண்டிக்கும் உதவியாளருக்கும் கொடுத்த பணம் ஒரு பக்கம் இருக்க, குறித்த நாளில் ஒலிகளை ஒப்படைக்க முடியாததால் விளையாட்டைத் தயாரிப்பவர்கள் தவணைத் தொகையை நிறுத்திவைத்திருக்கிறார்கள்; இத்தனை காலம் சேர்த்த நல்ல பெயர் ஒரே நாளில் போய்விட்டது; இனி இத்துறையில் என்னை யார் அழைப்பார்கள் என்பதே தெரியவில்லை. ஆகவே துப்பாக்கிக்கும் தோட்டாக்களுக்கும் நான் செலுத்திய முழுத் தொகையுடன், இழப்பீடாக ரூ. 5,00,000 வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இது அதிகம் என்று தங்களுக்குத் தோன்றினால், எவ்வளவு நியாயம் என்று பேச நான் ஆயத்தமாகவே இருக்கிறேன். ஆனால் விவரம் தெரிந்த ஒருவர் பேச வேண்டும்.

மின்வணிக விதிகள், 2020இன்படி குறைதீர் அலுவலர் புகாரைப் பெற்ற 48 மணி நேரத்துக்குள் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். அதற்குள் பதில் வராவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குத் தொடுப்பேன். தங்கள் தலைமை அலுவலகம் இருக்கும் ஊருக்கு நான் அலைய வேண்டியதில்லை; 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், புகார் செய்பவர் வசிக்கும் ஊரிலேயே வழக்கிட இடம் தருகிறது. பொருளின் விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணமும் கிடையாது. "தொழிலுக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார்" என்று தங்கள் பணியாளர் ஒருவர் எனக்குச் சட்டம் சொன்னார். தன் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் வாங்கிய பொருளுக்கு அந்த விலக்கு பொருந்தாது என்பது நுகர்வோர் யார் என்று சொல்லும் அச்சட்டப் பிரிவின் விளக்கத்திலேயே இருக்கிறது, அவரைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த நிலைக்கு விடாமல் தாங்களே தலையிட்டுத் தீர்த்துவைப்பீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன். பணத்துக்குப் பதிலாக, முன்வாயில் வாயு வெளியேறும் 9 மி.மீ. துப்பாக்கியைப் பொருந்தும் தோட்டாக்களோடும் சான்றுகளோடும் தரத் தாங்கள் விரும்பினால், அதையும் பரிசீலிப்பேன். அனுப்புவதற்கு முன் தங்கள் கிடங்கில் ஒரு முறை சுட்டு, புகை போகும் திசை தெரியும்படி காணொளி எடுத்து அனுப்ப வேண்டும்.

நன்றி.

இடம்: மதுரை

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(ஒப்பம்)

இணைப்பு: ரசீது நகல்; மின்னஞ்சல் நகல்கள்; துப்பாக்கி, தோட்டாப் பெட்டி ஆகியவற்றின் படங்கள்; குவாரியில் பதிந்த ஒலிக்கோப்பு.

பி.கு.: பழைய துப்பாக்கியைக் கூரியரில் போட்டு அனுப்பிவிடுமாறு தங்கள் அலுவலகத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தது. பார்சலுக்குள் என்ன என்று கூரியர் அலுவலகத்தில் கேட்டால் நான் என்ன சொல்வது என்பதை அதில் குறிப்பிடவில்லை. தங்கள் ஆள் அடையாள அட்டையோடும் ஒப்புகைச் சீட்டோடும் நேரில் வந்து எடுத்துச் செல்லட்டும். பகல் நேரத்தில் வரச் சொல்லுங்கள்.