திமிங்கிலம் காட்டும் படகுக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

டால்பினும் திமிங்கிலமும் பார்க்க ஆட்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகு உரிமையாளர்களுக்கும், சுக்கானைப் பிடித்திருக்கும் படகோட்டிகளுக்கும், கரையில் உட்கார்ந்து டிக்கெட் விற்கிறவர்களுக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். கேட்க வந்தது ஒன்றுதான். "நிச்சயம் பக்கத்தில் பார்க்கலாம்" என்ற வரியை உங்கள் பலகைகளிலிருந்தும் விளம்பரங்களிலிருந்தும் எடுத்துவிடுங்கள். கடலில் அந்த விலங்குகளுக்கு நேரும் தொந்தரவில் பெரும்பகுதி அந்த ஒரு வரியிலிருந்துதான் கிளம்புகிறது என்று நினைக்கிறேன்.

நான் கடல் பாலூட்டிகளைப் பதிவு செய்யும் ஒரு தன்னார்வலர் குழுவில் இருக்கிறேன். கரை ஒதுங்கியவற்றை அளப்பது, படங்களை வைத்து எது எது என்று அடையாளம் பிரிப்பது, குப்பை பொறுக்குவது என்று எங்கள் வேலை பெரும்பாலும் தரையில்தான். செத்ததை நிறையப் பார்த்துவிட்டோம். உயிரோடு பார்க்க வேண்டுமென்றால் உங்கள் படகை விட்டால் எங்களுக்கு வழியில்லை. ஆகவே தொழிலை இழுத்து மூடச் சொல்லும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள். 1955-ல் அமெரிக்காவின் சான் டியேகோவில் ஆளுக்கு ஒரு டாலர் வாங்கிக்கொண்டு சாம்பல் திமிங்கிலங்களைக் காட்டத் தொடங்கியதிலிருந்து வளர்ந்து வந்த தொழில் இது. 2008-ல் மட்டும் 119 நாடுகளில் சுமார் 1.3 கோடிப் பேர் இப்படிக் கடலுக்குப் போயிருக்கிறார்கள். வணிகத்துக்காகத் திமிங்கிலம் வேட்டையாடுவதற்கு 1986-ல் பன்னாட்டுத் தடை நடைமுறைக்கு வந்த பிறகு, வேட்டையை விட்டால் வேறென்ன பிழைப்பு என்று கேட்டவர்களுக்குக் காட்ட முடிந்த நல்ல பதில்களில் உங்கள் தொழிலும் ஒன்று. அந்தப் பெருமை உங்களுக்கு உண்டு. அதனால்தான் இதை அதிகாரிகளுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கடந்த பருவத்தில் நாங்கள் குழுவாக ஒரு படகில் போனோம். எந்தப் படகு, எந்தத் துறை என்பதெல்லாம் வேண்டாம். பெயரை மாற்றிப் போட்டாலும் கதை மாறாது. நெடுநேரம் போன பிறகு ஒரு கூன்முதுகுத் திமிங்கிலம் தெரிந்தது, பக்கத்தில் குட்டி. படகோட்டி எஞ்சினைத் தணித்தார். தாய் அசையாமல் மிதந்துகிடந்தது. குட்டி மட்டும் அதன் தாடைக்குப் பக்கத்தில் எழுந்து மூச்சு விட்டு, மறுபடி அடியில் போய் ஒட்டிக்கொண்டது. படகில் யாரும் பேசவில்லை. எப்போதும் வளவளவென்று பேசும் எங்கள் குழுவில் அது பெரிய விஷயம்.

அப்புறம் வயர்லெஸ் கரகரத்தது. கொஞ்ச நேரத்தில் நாலு பக்கத்திலிருந்தும் படகுகள் வந்துவிட்டன. ஒன்று வலப்பக்கம் ஒட்டியது. இன்னொன்று, தாய் எந்தப் பக்கம் நகர்கிறது என்று பார்த்து, வேகமாக முந்திப் போய் அதன் வழியிலேயே நின்றது. தாய் முங்கியது. மறுபடி எழுந்தபோது திசை மாறியிருந்தது. மூச்சு அடுத்தடுத்து வந்தது. குட்டி பின்னாலேயே அடித்துக்கொண்டு போனது. எங்கள் படகும் விடாமல் பின்னால் போனது. "போதும் அண்ணா, விட்டுடலாம்" என்று எங்களில் ஒருத்தி சொன்னாள். அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "பக்கத்துல காட்டலேன்னா கரையில என்னைத்தான் கேப்பாங்க" என்றார்.

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. கரையில் யாரோ எழுதிவைத்த ஒரு வரிக்குக் கடலில் நின்று அவர் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். படகில் பாதிப் பேர் அந்த வரியைப் படித்துவிட்டுக் காசு கொடுத்தவர்கள். அவருடைய இடத்தில் யார் இருந்தாலும் விசையைக் கூட்டத்தான் செய்வார்கள்.

"விதிப்படி 100 மீட்டர் தள்ளித்தானே நிற்கிறோம்?" என்று சிலர் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் தூரம் பாதிக் கதைதான். ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மத் வளைகுடாவில் கூன்முதுகுத் திமிங்கிலங்கள் குட்டியோடு ஓய்வெடுக்கும். அங்கே ஆய்வாளர்கள் சரியாக 100 மீட்டர் தூரத்தில், சத்தம் குறைந்த ஒரு படகிலிருந்து, நீருக்கடியில் ஒலிபெருக்கி வைத்து, படகு இரைச்சலை வெவ்வேறு அளவில் எழுப்பிப் பார்த்தார்கள். 2020-ல் வெளிவந்த முடிவு இது: இரைச்சல் குறைவாக இருந்தபோது தாய்களிடம் பெரிய மாற்றமில்லை. 172 டெசிபலுக்கு ஏற்றியபோது ஓய்வு நேரம் 30 சதவீதம் குறைந்தது, மூச்சு விடும் வேகம் இரண்டு மடங்கானது, நீந்தும் வேகம் 37 சதவீதம் கூடியது. தூரம் மாறவே இல்லை, கவனியுங்கள். மாறியது சத்தம் மட்டும். (நீருக்கடியில் டெசிபல் கணக்கு காற்றில் உள்ளது போல இல்லை, அந்த எண்ணை ஸ்பீக்கரோடு ஒப்பிட்டுப் பயந்துவிட வேண்டாம்.)

இது ஏன் பெரிய விஷயம் என்றால், குட்டியோடு இருக்கும் கூன்முதுகுத் தாய் அந்தக் காலத்தில் பெரும்பாலும் எதுவும் தின்பதில்லை. குளிர்ந்த கடலில் தின்று சேர்த்த கொழுப்பை வைத்துத்தான் பால் கொடுக்கிறது, அதை வைத்துத்தான் திரும்பவும் அத்தனை தூரம் நீந்திப் போக வேண்டும். நம்மால் அது வேகமாக ஓடும் ஒவ்வொரு நிமிடமும் குட்டியின் பங்கிலிருந்து போகிறது. இன்னொன்றும் உண்டு. தாயும் குட்டியும் மிகத் தாழ்ந்த குரலில்தான் பேசிக்கொள்கின்றன. பக்கத்தில் திரியும் ஓர்காக்களின் (குட்டிகளை வேட்டையாடும் பெரிய கறுப்பு வெள்ளை டால்பின் இனம்) காதில் விழாமலிருக்கத்தான் இந்தக் கிசுகிசுப்பு என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். நீரில் ஒலி நொடிக்கு ஏறக்குறைய 1500 மீட்டர் போகும், காற்றில் போவதைவிட நாலு மடங்குக்கும் மேல். உங்கள் எஞ்சின் சத்தம் அந்தக் கிசுகிசுப்பின் மேல் ஏறி உட்கார்ந்துவிடுகிறது. ஓர்காக்களும் தப்புவதில்லை. அமெரிக்க வடமேற்குக் கடலில் அவற்றின் குரலைக் கேட்டு ஆராய்ந்தவர்கள் 2009-லேயே எழுதியிருக்கிறார்கள்: சுற்றிலும் இரைச்சல் ஒரு டெசிபல் கூடினால், அவையும் தம் குரலை ஒரு டெசிபல் கூட்டுகின்றன. அந்தக் கடலை ஒட்டிய வாஷிங்டன் மாநிலத்தில் 2025 முதல் அந்த ஓர்காக்களிடமிருந்து 1000 கெஜம் தள்ளி நிற்க வேண்டும் என்று சட்டமே வந்துவிட்டது. முதலில் சின்ன தூரமாகத் தொடங்கிய விதிதான் இப்படி நீண்டுகொண்டே போயிருக்கிறது. படகுக்காரர்கள் தாமாக அடங்காத இடத்தில் கடைசியில் நடப்பது இதுதான்.

சத்தத்தைக் குறைக்கப் பெரிய செலவு வேண்டாம். புரொப்பெல்லர் வேகமாகச் சுழலும்போது அதன் ஓரங்களில் குமிழிகள் உருவாகி உடைகின்றனவே, இரைச்சலில் பெரும்பங்கு அதிலிருந்துதான். வேகத்தைக் குறைத்தால் அது குறையும். நசுங்கிய, கீறல் விழுந்த புரொப்பெல்லரை மாற்றினால் இன்னும் குறையும், டீசலும் மிச்சம். பக்கத்தில் போனதும் ரிவர்ஸ் போட்டு நிறுத்துகிறீர்களே, அதை மட்டுமாவது விடுங்கள். கரையில் நின்று படிக்கிறவர்களுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்: அந்த நேரத்தில் தண்ணீரே கலங்கிப் பொங்கும்.

டால்பின் விஷயத்தில் ஒரு தவறான எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அதுவே படகுக்கு முன்னால் வந்து விளையாடுகிறதே, அப்புறம் என்ன தொந்தரவு என்கிறீர்கள். தானாக வந்து படகின் முன்னலையில் சறுக்குகிற டால்பினை யாரும் தடுக்கச் சொல்லவில்லை. வேகத்தையும் திசையையும் மாற்றாமல் போய்க்கொண்டிருங்கள், சலித்ததும் அதுவே போய்விடும். நான் சொல்வது வராத டால்பினை வரவைப்பதைப் பற்றி. ஸ்பின்னர் டால்பின்கள் இரவெல்லாம் ஆழ்கடலில் இரை தேடிவிட்டுக் காலையில் ஆழம் குறைந்த விரிகுடாக்களுக்கு வந்து தூங்கும். தூங்குகிறபோதும் நீந்திக்கொண்டுதான் இருக்கும்: நெருக்கமாகக் கூடி, மெதுவாக, ஒன்றாக முங்கி ஒன்றாக எழும், துள்ளல் இருக்காது. அதைப் பார்த்து "மந்தமா இருக்கு, கொஞ்சம் கிளப்பிவிடலாம்" என்று சுற்றி வட்டமடிக்கிற படகுகளை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஹவாயில் இதே தொல்லை முற்றித்தான் 2021-ல் ஸ்பின்னர்களை 50 கெஜத்துக்குள் நெருங்கவே கூடாது என்று விதி போட்டார்கள்.

ஆஸ்திரேலியாவின் ஷார்க் பே கதை இன்னும் யோசிக்க வைக்கும். டால்பின் காட்டும் நிறுவனம் அங்கே ஒன்றாக இருந்து இரண்டானபோது, அந்தப் பகுதியில் இருந்த டால்பின்களில் ஏழில் ஒரு பங்கு குறைந்துபோனது என்று 2006-ல் வெளிவந்த ஆய்வு சொன்னது. அவை செத்துவிடவில்லை, படகுத் தொல்லை தாங்காதவை விலகிப் போயிருக்கும் என்பது கணிப்பு. மிச்சம் இருந்தவை தாங்கிக்கொள்கிறவை. வெளியிலிருந்து பார்த்தால், "பழகிவிட்டன, கண்டுகொள்வதே இல்லை" என்றுதான் தோன்றும். உங்கள் கடலிலும் "இங்கே உள்ளவை படகுக்குப் பழகினவை" என்று யாராவது சொன்னால், பழகாதவை எங்கே போயின என்று ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.

விதிகள் ஏற்கெனவே பல நாடுகளில் இருக்கின்றன. நியூசிலாந்தில் 1992 முதலே, ஒரு திமிங்கிலத்தைச் சுற்றி 300 மீட்டருக்குள் மூன்று படகுக்கு மேல் நிற்கக் கூடாது. ஆஸ்திரேலியாவிலும் அதே மூன்றுதான். பின்னாலிருந்து துரத்தக் கூடாது, முன்னால் போய் மறிக்கக் கூடாது. ஆனால் கடலில் நின்று எண்ணிப் பார்க்க ஆள் யார்? நீங்கள்தான். படகுகளைக் கூட்டிச் சேர்க்கும் அதே வயர்லெஸ்ஸில் வரிசையும் போடலாம்: மூன்று படகு உள்ளே, மற்றவை 300 மீட்டருக்கு வெளியே, கால் மணி நேரத்தில் இடம் மாறிக்கொள்ளலாம். குட்டி இருந்தால் இன்னும் தூரம், இன்னும் குறைந்த நேரம். இலங்கையின் தென்கரைக்கு அப்பால் நீலத் திமிங்கிலங்கள் மோதிச் சாகாமலிருக்க, உலகின் மிகப் பெரிய கண்டெய்னர் கப்பல் நிறுவனங்களில் ஒன்று 2022-ல் தன் கப்பல் பாதையையே இன்னும் தெற்கே தள்ளிக்கொண்டது. அவ்வளவு பெரிய கப்பலே சுற்றிப் போகிறபோது உங்களால் கால் மணி நேரம் காத்திருக்க முடியாதா?

"பக்கத்தில்" என்பதை எடுத்துவிட்டால் விற்க என்ன இருக்கிறது என்பது உங்கள் அடுத்த கேள்வி. நிறைய இருக்கிறது, நீங்கள்தான் காட்டுவதில்லை. கண்ணுக்கு எட்டிய தூரத்தில் மூச்சு பீய்ச்சுவதை வைத்தே இனம் சொல்லலாம். நீலத் திமிங்கிலத்துக்கு அது ஒல்லியாக நேரே மேலே, 9 மீட்டர் வரைகூடப் போகும். கூன்முதுகுக்குத் தாழ்ந்து பரந்திருக்கும். ஸ்பெர்ம் திமிங்கிலத்துக்கு மூச்சுத்துளை தலையின் இடது முனையில் இருப்பதால் இடப்பக்கம் சாய்ந்து முன்னால் போகும். இதைச் சொல்லிக்கொடுத்துவிட்டால் படகில் இருக்கிற குழந்தைகள் கண்ணை எடுக்கமாட்டார்கள். திமிங்கிலம் முங்கின இடத்தில் எண்ணெய் தடவினது போல ஒரு வழுவழுப்பான வட்டம் கொஞ்ச நேரம் நிற்கும், வாலடி மேலே தள்ளின நீர் அது. அதன் விளிம்பில் சின்ன அலைகள் வந்து அடங்குவதை ஒருவருக்குக் காட்டிப் பாருங்கள். காற்று நம் பக்கம் வீசினால் அதன் மூச்சு வாடை வரும். அழுகின மீன் நாற்றம், ஒளிப்பானேன். அதையும் ஆசையாகத்தான் சொல்லிக்கொண்டு திரிவார்கள். எஞ்சினை நிறுத்திவிட்டு ஹைட்ரோபோன் (நீருக்கடியில் ஒலி வாங்கும் மைக்) ஒன்றை இறக்கி ஒரு ஸ்பீக்கரில் கொடுத்தால் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் டிக் டிக் ஒலியைக் கேட்கலாம். அது ஒரு மணி நேரம்வரைகூட அடியில் இருக்கும், துரத்தி என்ன பயன்? கேட்டுக்கொண்டே காத்திருப்பதுதான் வழி. எங்களுக்கு வேண்டிய அடையாளப் படமும் அப்படித்தான்: கூன்முதுகு வாலைத் தூக்கி முங்கும்போது வாலின் அடிப்பக்கக் கறுப்பு வெள்ளைக் கோலம் ஒவ்வொன்றுக்கும் தனி. அதைப் பின்னாலிருந்து, தூரத்திலிருந்துதான் எடுக்க வேண்டும்.

சரி, எதுவுமே தென்படாத நாளில்? நியூசிலாந்தின் கைகௌராவில் திமிங்கிலம் தெரியாவிட்டால் கட்டணத்தில் 80 சதவீதத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். சில இடங்களில் இன்னொரு பயணம் இலவசம். இதுவும் ஒரு வாக்குறுதிதானே என்பீர்கள். ஆமாம், ஆனால் இதன் நஷ்டம் நிறுவனத்துக்கு, விலங்குக்கு இல்லை. அந்த நஷ்டத்தைப் படகோட்டியின் சம்பளத்திலோ டிப்ஸிலோ பிடிக்காதவரை அவரும் துரத்த மாட்டார்.

எங்கள் பங்குக்கு இதைச் செய்ய முடியும். அடுத்த பருவத்துக்கு முன் பலகையை மாற்றுகிற படகுகளில் எங்கள் குழுவிலிருந்து ஒருவர் கட்டணமில்லாமல் ஏறி, காத்திருக்கும் நேரத்தில் பயணிகளுக்கு விளக்கம் சொல்லுவார். பயணிகள் எடுக்கும் வால், முதுகுத் துடுப்புப் படங்களை வாங்கி, எது எது என்று பிரித்து, பெயரோடு உங்களுக்கே திருப்பித் தருவோம். போன பருவம் வந்தது திரும்பி வந்திருக்கிறது என்று நீங்கள் அடுத்த பயணத்தில் காட்டலாம். ஒத்துக்கொள்ள முடியாதென்றால் ஏன் என்று எழுதுங்கள், அதையும் படிக்கிறோம். படகோட்டிகள் எழுதினால் இன்னும் நல்லது. கரையிலிருந்து கிளம்பும் முன் உங்களிடம் என்ன சொல்லி அனுப்புகிறார்கள், வெறுங்கையோடு திரும்பினால் என்ன நடக்கிறது என்று தெரிந்தால்தான் உரிமையாளர்களிடம் நாங்கள் சரியாகப் பேச முடியும். பெயர் போட வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் படகுகளில் ஏறும் தன்னார்வலர்களில் ஒருத்தி