மலையகக் குளிரில் நாயோடு

ஆசிரியர் அவர்களுக்கு,

நுவரெலியாவில் எப்போதும் ஒரே குளிர்தான் என்று கொழும்பு உறவினர்கள் சொல்வார்கள். எங்கள் நாய் மணியோடு ஒரு வருடம் நடந்து பார்த்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள். இலையுதிர்காலம் நமக்கில்லை. ஆனால் ஜனவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகும் காலையில், வெள்ளையாகிப்போன புல்லில் அவன் புரண்டு எழுந்து உடம்பை உதறுவதைப் பார்க்க வேண்டும்! கொழுந்துக்குப் போகும் அக்காமார்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். தென்மேல் பருவமழை தொடங்கினால் இரத்தம் உறிஞ்சும் அட்டைகளின் காலம். வீடு திரும்பியதும் அவனுடைய விரலிடுக்கு, காது, மூக்குத்துவாரம் எல்லாம் பார்த்தே ஆகவேண்டும். பிறகு அடுப்படியில் ஈரம் காயும்வரை துடைப்பேன். எனக்கு மிகப் பிடித்த நேரம் அதுதான்.

லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) நாய் வளர்ப்போருக்கு ஒரு வேண்டுகோள். பனிக்கால இரவுகளில் வெறும் சீமெந்துத் தரையில் கட்டிப்போடாதீர்கள். ஒரு பலகையும் அதன்மேல் காய்ந்த சாக்கும் போதும். வருடந்தோறும் விசர்நாய்த் தடுப்பூசியும் போடுங்கள். ஏப்ரல் வசந்தகாலத்துக்கு வரும் பயணிகளே, தயவுசெய்து நாய்களின் பக்கத்தில் பட்டாசு கொளுத்தாதீர்கள்.

இப்படிக்கு,
தோட்டத்து வாசகி,
கந்தப்பளை