கடுகுத் தலையணையை எடுத்துவிடு

அன்புள்ள சுதா,

இங்கே எல்லோரும் நலம். மும்பையில் மழை விட்டபாடில்லை. நம்ம சயானில் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி நேற்று ரொம்ப நேரம் லோக்கல் ரயில் ஓடவில்லை. பேத்தியை மல்லாக்கத்தானே படுக்க வைக்கிறாய்?

அப்பா தூங்கினபிறகு ஒரு இங்கிலீஷ் துப்பறியும் தொடர் பார்க்கிறேன், தம்பி போட்டுக்கொடுத்தான். மூன்று மாதக் குழந்தை தொட்டிலிலேயே போய்விடுகிறது. உடம்பில் ஒரு கீறல் இல்லை. பெண் போலீஸ் வந்து தாய்க்காரி கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, எப்படிப் படுக்க வைத்தாய், காலையில் எப்படிக் கிடந்தது, செய்து காட்டு என்கிறாள். நிஜத்திலும் அப்படிக் கேட்பதுண்டாம். அவள் பொம்மையைக் கீழே வைக்கவே இல்லை, மடியில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தாள். டிவியை அணைத்துவிட்டேன்.

நான் கொடுத்தனுப்பிய கடுகுத் தலையணையை எடுத்துவிடு. அதை வைக்கமாட்டேன் என்றதற்கு உன்னிடம் கோபித்துக்கொண்டேனே, நீ சொன்னதுதான் சரி. தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் வேண்டாம். மெத்தை கெட்டியாக இருக்கட்டும். மல்லாக்கப் படுக்க வை.

உங்கள் இங்கிலாந்தில்தானே, இரண்டு பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு வக்கீல் பெண்ணையே 1999இல் கொலைகாரி என்று உள்ளே தள்ளினார்கள்? ஒரே வீட்டில் இரண்டு குழந்தை தானாகச் சாவது 7 கோடியே 30 லட்சத்தில் ஒன்று என்று ஒரு டாக்டர் கணக்குச் சொன்னாராம். அந்தக் கணக்கே தப்பு. 2003இல்தான் விட்டார்கள். தம்பி சொன்னதிலிருந்து அது மனசை விட்டுப் போகவில்லை.

உன் படிப்புக்கு நான் சொல்லியா தெரியவேண்டும். இந்தத் தெருவில் லண்டன் வரை போனவள் நீ ஒருத்திதான். ஆனால் பெற்றவளிடம் இரண்டு வார்த்தை பேச முடியாத அளவுக்கா? வீடியோவில் குழந்தையைத்தான் காட்டுகிறாய். நாலு வாரமாக உன் முகத்தை நான் பார்க்கவில்லை. “அவ தூங்குறா அத்தை” என்கிறார் மாப்பிள்ளை. பின்னால் குழாயில் தண்ணீர் விழுந்துகொண்டே இருக்கிறது.

நீ அழாத பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருக்கிறேன். பொய். இரண்டு மாதத்தில் ராப்பகலாக அழுதாய். அப்பாவுக்கு நைட் ஷிப்ட். ஒரு நாள் உன்னைக் கட்டிலில் பொத்தென்று போட்டேன். வைக்கவில்லை, போட்டேன். கதவைச் சாத்திவிட்டு சயான் ஸ்டேஷனில் போய் உட்கார்ந்துவிட்டேன். எத்தனை கல்யாண் வண்டி போனதோ. திரும்பி வந்தபோது நீ கீழ்வீட்டு மராத்திக்கார ஆயி மடியில் தூங்கிக்கொண்டிருந்தாய். அவள் ஒன்றும் கேட்கவில்லை. பால் வாங்கப் போனேன் என்று அப்பாவிடம் சொன்னேன். கையில் பால் இல்லை, அவரும் பார்க்கவில்லை.

அன்று அந்தப் பொம்மையை என் கையில் கொடுத்திருந்தால் எப்படிச் செய்து காட்டியிருப்பேன்?

உனக்கு அந்த மாதிரி வந்தால் குழந்தையை மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போ. அங்கிருந்து எனக்கு போன் போடு. இங்கே எத்தனை மணியானாலும் சரி. டாக்டரிடமும் சொல்லு, வெட்கப்படாதே.

பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறேன். கூப்பிடாமல் எதற்குப் போவாய் என்பார் என்று, முழங்கால் டாக்டரைப் பார்க்கப் போவதாக அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் போய்வந்தேன்.

அம்மா