சிக்னல் இல்லாத ஊருக்கும் மின்நூலகம் வேண்டும்

பொது நூலக இயக்ககத்தாருக்கும் நீலகிரி மாவட்ட நூலக ஆணைக்குழுவினருக்கும் வணக்கம்.

இனி நூலகம் இணையத்தில்தான் என்கிறார்கள். மனதார வரவேற்கிறேன். ஆனால் அதன் வாசல் யாருக்குத் திறக்கும் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பந்தலூர்ப் பக்கத்திலிருந்து என் வேண்டுகோள் இதுதான்.

ஊட்டியில் நீலகிரி நூலகம் 1859-இல் தொடங்கியது. அழகான கட்டடம், அரிய நூல்கள். ஆனால் சந்தா கட்டிய உறுப்பினர்களுக்கு. 1948-இல் பொது நூலகச் சட்டம் வந்து, மக்களின் நூலக வரியில் எல்லோருக்கும் நூலகம் என்றானது. அதற்கு முன்பே, 1931-இல், மன்னார்குடியிலிருந்து மாட்டுவண்டியில் புத்தகம் ஏற்றிக் கிராமம் கிராமமாகப் போனார்கள். 'ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான நூல்' என்று நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் எழுதியதும் அதே ஆண்டில்தான். வாசகர் வரட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை.

இன்று ஸ்மார்ட்போன், டேட்டா, ஓ.டி.பி. மூன்றும் சேர்ந்து புதிய சந்தாவாகிவிட்டன. ஜூனில் மழை பிடித்தால் இங்கே மரம் விழும், கரண்ட் போகும், டவரும் வேலை செய்யாது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் லயன் வீட்டில் ஒரே போன். அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும்.

ஆகவே ஊர்ப்புற நூலகம் ஒவ்வொன்றிலும் பேட்டரியோடு ஒரு சின்ன சர்வர் வையுங்கள். அதில் நூல்களை நிரப்பி வைத்தால், இணையமே இல்லாமல் அங்குள்ள வைஃபையில் இறக்கிக்கொள்ளலாம். மாதம் ஒருமுறை நூலகர் புதிய நூல்களைச் சேர்த்தால் போதும். போன் இல்லாத பிள்ளைகளுக்கு அங்கேயே நாலு டேப்லெட் இருக்கட்டும். பதிப்பகங்களிடம் ஆண்டு வாடகைக்கு நூல் எடுக்காதீர்கள். உரிமத்தை நிரந்தரமாக வாங்குங்கள். வாங்கிய புத்தகம் அலமாரியை விட்டுத் தானாகப் போகாது, வாடகை மின்நூல் போய்விடும்! யார் எதைப் படித்தார் என்ற பதிவை எவருக்கும் கொடுக்காதீர்கள்.

இன்னொன்று. 1964-இன் இந்திய-இலங்கை (சிறிமா-சாஸ்திரி) ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிய குடும்பங்கள் கூடலூர், பந்தலூர், கோத்தகிரி எங்கும் இருக்கின்றன. 'நூலகம்' என்ற இணையத் திட்டத்தில் ஈழத்து நூல்களும் இலங்கைத் தேயிலை மலைகளான மலையகத்து நூல்களும் இலவசமாகவே கிடைக்கின்றன. உரிய அனுமதியோடு அவற்றையும் அந்த சர்வரில் சேர்த்தால், தாத்தா பாட்டி விட்டுவந்த மலைகளைப் பேரப்பிள்ளைகள் படிப்பார்கள். எனக்கு இதில் பேராசையே உண்டு.

அடுத்த மழைக்கு முன் பந்தலூர் வட்டத்தில் ஒரே ஒரு நூலகத்திலாவது தொடங்கிப் பாருங்கள். ஆள் உதவிக்கு எங்கள் இளைஞர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
பந்தலூர் வட்டத்து வாசகர் ஒருவர்