இடித்துக் கட்டுங்கள், அக்கம்பக்கத்தைக் கலைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்னையில் அரசு கட்டிக் கொடுத்த பழைய குடியிருப்புகளை இடித்து அதே இடத்தில் அடுக்குமாடி கட்டுவது பற்றிய செய்தியைப் படித்ததும் எழுதத் தோன்றியது. இடிக்க வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. 2021 டிசம்பரில் திருவொற்றியூரில் 24 வீடுகள் இருந்த பிளாக் அப்படியே சரிந்தது, விரிசலைப் பார்த்து ஜனங்கள் முன்னாடியே வெளியே வந்துவிட்டதால்தான் உயிர் தப்பினார்கள். அதற்கப்புறமும் இடிக்காதே என்று யார் சொல்வார்கள்?

என் பெரியம்மா வடசென்னையில் அந்த மாதிரி ஒரு பழைய மூன்று மாடிக் குடியிருப்பில்தான் இருந்தார். தலைக்கு மேலே கம்பி துருப்பிடித்துத் தெரியும், மழை வந்தால் ஒழுகாத மூலை பார்த்துக் கட்டிலை இழுத்துப் போட வேண்டும். ஆனால் காலையில் காய்கறி வண்டிக்காரர் குரல் கேட்டதும் பெரியம்மா மேலேயிருந்து கயிற்றில் கூடையை இறக்குவார், காசு கீழே போகும், கத்திரிக்காய் மேலே வரும். முட்டிவலிக்காரருக்கு அதுதான் லிஃப்ட். படிக்கட்டுக்கு அடியில் ஓர் அக்கா இட்லி சுடுவார், வேலைக்குப் போகிற பெண்கள் வீட்டுச் சாவியையும், பள்ளி விட்டு வரும் பிள்ளையையும் அவர் பொறுப்பில்தான் விட்டுவிட்டுப் போவார்கள். இதெல்லாம் எந்த வரைபடத்தில் வரும்?

இடிக்கும்போது வெளியே போய்த் தங்க ஒரு குடும்பத்துக்கு அரசு தரும் தொகை 24,000 ரூபாய். முன்பு 8,000-தான், உயர்த்தியது நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் கட்டி முடிக்க இரண்டு வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதம் ஆயிரம்தான் ஆகிறது, சென்னையில் அதற்கு வீட்டு வாசப்படி கூடக் கிடைக்காது, அட்வான்ஸ் வேறு. அதனால் வாடகை எங்கே குறைவோ அங்கே ஆளுக்கொரு திசையாகப் போகிறார்கள், பாதி வருஷத்தில் பிள்ளை பள்ளியை மாற்றுகிறார்கள், வீட்டுவேலை செய்கிறவர்கள் தூரம் தாங்காமல் வேலையையே விடுகிறார்கள்.

சரி, திரும்பி வந்தால்? குலுக்கலில் வீடு. நாற்பது வருஷம் எதிர்வீட்டில் இருந்தவர் ஏழாவது மாடியில் வேறு பிளாக்கில் இருப்பார். அந்த உயரத்துக்குக் கூடைக் கயிறு எட்டாது.

சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் கண்ணகி நகரைப் பாருங்கள். 2000 முதல் நகரத்துக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கொண்டுபோய்க் குடிவைத்தார்கள். வேலையும் சொந்தமும் இருபது கிலோமீட்டர் பின்னால் நின்றுவிட்டன. 2020-இல் சுவர்களில் பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள், பார்க்க அழகுதான். ஆனால் அந்த ஊரின் பெயரை நிமிர வைத்தது அங்கே கபடி ஆடி வளர்ந்து, 2025-இல் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் போட்டியில் தங்கம் வென்ற அணியில் ஆடிய கார்த்திகா. அப்படி ஓர் ஊராகச் சேர அந்த ஜனங்களுக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆனது. ஏற்கெனவே சேர்ந்திருக்கிற ஊரை நாமே ஏன் பிரிக்க வேண்டும்?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. தங்கும் பணத்தை மொத்தமாகக் கொடுக்காமல், கட்டி முடிக்கும் வரை மாத வாடகையாகக் கொடுங்கள். குலுக்கலில் நாலைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே சீட்டாகப் போட விடுங்கள். வயதானவர்களுக்குக் கீழ்த்தளம். அப்புறம், அந்த இட்லி அக்காவுக்குப் படிக்கட்டுப் பக்கத்தில் பத்துக்குப் பத்து இடம், ஒரு தண்ணீர்க் குழாயோடு.

இப்படிக்கு,
ஒரு வாசகி, சென்னை